வந்தியத்தேவன் சென்ற வழியில் நடந்தே செல்வது: வீராணம் முதல் கோடிக்கரை வரை

வடவாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நிகழும் ஊர்களை நேரில் காண வேண்டும் என்ற ஆசை இங்குள்ள பலருக்கும் உண்டு. 2022-இல் திரைப்படம் வெளிவந்த பிறகு, எல்லா ஊர்களையும் வேனிலோ பேருந்திலோ ஏற்றிச் சென்று விரைவாகக் காட்டிவிடும் சுற்றுலாக்களும் பெருகிவிட்டன. அவற்றில் போய்வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: கடம்பூரில் மாளிகை இல்லை, பழையாறையில் அரண்மனை இல்லை, பார்ப்பதற்கு ஒன்றுமே மிஞ்சவில்லை என்று. அந்தக் குறைக்கு மறுமொழியாகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஏரி, ஆறு, கரை, துறை, இவற்றுக்கிடையே உள்ள தொலைவு ஆகியவற்றின் மேல்தான் கல்கி இந்தக் கதையைக் கட்டியிருக்கிறார். மாளிகைகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. ஆறும் கரையும் தொலைவும் இன்றும் இருக்கின்றன. ஆனால் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு ஓர் ஆறு என்பது பாலத்தின் மேல் கடந்துபோகும் அரை நிமிடம். நடந்து போகிறவருக்குத்தான் அது ஆறு.

முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு நாளில் வாணர் குலத்து வீரனான வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரை வழியாகக் குதிரையில் தெற்கே வருகிறான். அந்த ஏரிதான் இன்றைய வீராணம் என்பதைக் கல்கியே அங்கே சொல்லிவிடுகிறார். வீரநாராயணன் என்பது முதற் பராந்தகனின் பட்டப்பெயர். அவன் மகன் இராசாதித்தன் காலத்தில் வெட்டப்பட்ட ஏரி என்பது மரபு. இன்று அதன் நீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது, நிறைமட்டம் 47.5 அடி. சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோவில் செல்லும் சாலை பெரும்பகுதி ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டியே போகிறது. வந்தியத்தேவனைப் போல் வடக்கிலிருந்து தெற்கே நடந்தால், வலக்கைப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நீர், இடக்கைப் பக்கம் மதகுகளால் பாய்ச்சல் பெறும் வயல்கள். கரை மேடாகவும் வயல் தாழ்வாகவும் இருப்பதால், நடப்பவர் இரண்டுக்கும் நடுவே உயரத்தில் இருக்கிறார். குதிரையின் மேல் அமர்ந்து வந்தவன் ஒரே சமயத்தில் ஏரியின் அலையையும், மதகுகளில் பாயும் நீரையும், கரையில் கூடிக் கமுகு மட்டையில் சித்திரான்னம் உண்ணும் மக்களையும் எப்படிப் பார்த்தான் என்பது அந்த இடத்தில் நின்றால் புரியும்.

அலைகடல் போன்ற ஏரி என்று அவர் எழுதியதை நான் நெடுங்காலம் வழக்கமான உயர்வு நவிற்சியாகவே எடுத்துக்கொண்டு படித்தேன். ஆடி மாதத்தில் மேல்காற்று ஏரியின் அகலம் முழுவதையும் தடையின்றிக் கடந்து வந்து கிழக்குக் கரையில் நீரை அறைகிறது. கல் பாவிய சரிவில் அலை ஏறி இறங்கும் ஓசை, காற்று நிற்கும்வரை நிற்பதில்லை. அந்த ஓசையோடு முதல் அத்தியாயத்தைப் படித்தவர்கள், கல்கி அங்கே கண்டதைத்தான் எழுதினார் என்பதை ஒத்துக்கொள்வார்கள்.

இதைப் போல் நடந்து பார்த்து நாவலில் ஒரு பகுதி தெளிவானதாக உணர்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன். ஊர்ப் பட்டியல் வேண்டாம்; அது எங்கும் கிடைக்கிறது.

அரிசில்மகள் எழுதியது:

வடவாற்றங்கரை ஐயாவின் கருத்தோடு நான் உடன்படுகிறேன். என் பங்குக்குப் பழையாறையைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் ஏமாற்றம் என்று சொல்பவர்கள் அதிகம் சொல்வது அந்த ஊரைத்தான்.

பழையாறை என்று ஒரு நிறுத்தத்தில் இறங்கி, ஒரு கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நாவலில் வரும் பழையாறை ஒரு தலைநகரம். அதாவது அது பல ஊர்களின் தொகுதி. கல்கி அதன் படைவீடுகளாக ஆரியப்படையூர், புதுப்படையூர், பம்பைப்படையூர், மணப்படையூர் என்று பெயர் சொல்லிப் போகிறார். இவை கற்பனைப் பெயர்கள் என்று எண்ணியிருந்த என் தோழி, அந்தப் பெயர்களை ஊர்ப்பலகைகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டபோது சற்று நேரம் பேசவே இல்லை. பட்டீச்சரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரின் பெயரே சோழன்மாளிகை. அங்கே மாளிகையின் ஒரு சுவர்கூடக் கிடையாது. ஆனால் ஊரார் ஆயிரம் ஆண்டுகளாகத் தங்கள் முகவரியில் அதைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

நான் பரிந்துரைக்கும் நடை இது: தாராசுரத்தில் தொடங்கி, வயல்வெளிச் சாலைகளில் சோழன்மாளிகை, பட்டீச்சரம் வழியாக முடிகொண்டான் ஆற்றைப் பிடித்துக் கீழப்பழையாறைக்குப் போவது, அங்கிருந்து நாதன்கோயில். நாவலில் வரும் நந்திபுர விண்ணகரம் இந்த நாதன்கோயில்தான்; திருமங்கையாழ்வார் பாடிய தலம். பழையாறை வடதளி அப்பர் பெருமானோடு தொடர்புடையது. நடக்க நடக்கத் தெரிய வருவது, ஒவ்வொரு கோயிலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கும் வெளி. அந்த வெளி முழுவதும் ஒரு காலத்தில் வீதிகளாக இருந்தது என்று எண்ணிக்கொண்டு நடந்தால், சோழ இளவரசி குந்தவைப் பிராட்டியின் நகரம் எவ்வளவு பெரிது என்பதைக் கால்வலியே சொல்லிவிடும். தாராசுரம் கோயில் மட்டும் நாவலின் காலத்துக்குப் பிந்தியது. இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்தது. அதன் சிற்பங்களைக் கண்டு மகிழுங்கள், ஆனால் குந்தவை அதைப் பார்த்திருக்க முடியாது.

குடந்தையைப் பற்றியும் ஒரு சொல். நாவலில் வரும் சோதிடரின் வீட்டைத் தேடிக்கொண்டு எல்லோரும் ஊரைச் சுற்றுகிறார்கள். அதைவிட நாகேசுவரன் கோயிலுக்குச் சென்று கருவறையின் புறச்சுவரை மெதுவாக வலம் வாருங்கள். முற்காலச் சோழர் சிற்பங்களில் தலைசிறந்தவை அங்கே இருக்கின்றன. தேவகோட்டங்கள் எனப்படும் சுவர் மாடங்களில் இறைவடிவங்கள் நிற்க, அவற்றுக்கு இடைப்பட்ட கோட்டங்களில் மனிதர்கள் நிற்கிறார்கள்: மெலிந்த உடலும் சற்றே சாய்ந்த தலையுமாக நிற்கும் பெண்கள், மடிப்புத் தெரியக் கட்டிய ஆடை, கழுத்தில் இரண்டு மூன்று சரம், பின்னால் தள்ளி முடிந்த கொண்டை. கதை நடப்பதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்டவை என்றாலும், குந்தவையும் அவள் தோழி வானதியும் எப்படி உடுத்தியிருப்பார்கள், எப்படி நின்றிருப்பார்கள் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்குக் குடந்தையில் கிடையாது. ஒரு சிற்பத்தின் முன் கால் மணி நேரம் நிற்கும் பொறுமை, அடுத்த ஊருக்கு வண்டி காத்திருக்கும்போது யாருக்கும் வருவதில்லை.

சாசனவாசகன் எழுதியது:

இருவருடைய பதிவுகளும் நன்றாக இருக்கின்றன. ஆனால் ஏரிக்கரை நடையை வடவாற்றங்கரை ஐயா காட்டுமன்னார்கோவிலோடு நிறுத்திவிட்டார். என்னைப் பொறுத்தவரை இந்த நாவலின் நிலத்தில் மிக முக்கியமான இடமே அங்கேதான் இருக்கிறது.

காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் உள்ளது. பழங்காலத்தில் இந்தப் பகுதி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற அந்தணர் ஊர். 985-இல் முடிசூடிய முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அரசாணை ஒன்று இக்கோயிலின் கருவறைச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறித்து, அவர்களுக்கு உறவானவர்களின் உடைமைகளைப் பறிமுதல் செய்வது பற்றி அந்தச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அனுப்பிய ஆணை அது. நாவலைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர்களை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கல்கி அவர்களைப் பாண்டியனின் ஆபத்துதவிகளாக்கி, அதாவது உயிரையும் கொடுக்கும் மெய்க்காவலராக்கி, திருப்புறம்பயத்தில் இறந்த அரசனின் நினைவுக் கோயிலான பள்ளிப்படையில் நள்ளிரவில் கூட்டுகிறார். கல்வெட்டிலோ அவர்கள் பிரமாதிராசன் என்ற பட்டம் பெற்ற அதிகாரிகள். கொலை எங்கே நடந்தது, எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று அந்தக் கல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள்தான் நாவலின் கடைசிப் பாகங்கள் நடக்கின்றன.

இப்போது இதை நடையோடு சேர்த்துப் பாருங்கள். கதை தொடங்கும் ஏரிக்கரை, வீரநாராயணப் பெருமாள் கோயில், கொலைக்குச் சாட்சியான கல்வெட்டு, கொலை நடப்பதாகக் கல்கி அமைத்த கடம்பூர் ஆகிய நான்கும் ஒருவர் நடந்தே சேரக்கூடிய தொலைவுக்குள் இருக்கின்றன. தஞ்சையில் தொடங்கியிருக்கலாம், காஞ்சியில் தொடங்கியிருக்கலாம்; ஏன் வீராணத்தில் தொடங்கினார் என்று கேட்பவர்களுக்கு என் விடை, அவர் அந்தக் கல்லின் அருகிலேயே தொடங்கினார் என்பதுதான். இதை அவர் சொன்னதாக நான் சொல்லவில்லை. அந்த நிலத்தில் நடந்து நான் கொண்ட துணிபு இது.

கடம்பூரைப் பற்றிப் பலருக்குத் தவறான எதிர்பார்ப்பு இருக்கிறது. நாவலில் கடம்பூர் மாளிகைக்கு உரியவர்களான சம்புவரையர்கள் வரலாற்றில் பிற்காலத்தில் படைவீட்டைத் தலைமையிடமாகக் கொண்டு வடக்கே ஆண்டவர்கள். எனவே கடம்பூர் மாளிகை முழுவதும் கல்கியின் படைப்பு. அதன் இடிபாட்டைத் தேடுவது வீண். மேலக்கடம்பூரில் தேட வேண்டியது தேர் வடிவில் அமைந்த அமிர்தகடேசுவரர் கோயில். கருவறை முழுவதும் சக்கரமும் குதிரையும் பூட்டிய தேராகவே கல்லில் எழுந்து நிற்கிறது. இன்றைய கட்டடம் முதற் குலோத்துங்கன் காலத்தது என்றாலும், கரக்கோயில் என்று அப்பர் பாடலிலேயே இடம்பெற்ற பழமை அத்தலத்துக்கு உண்டு.

கடல்கடந்தவள் எழுதியது:

இந்த இழையைப் படிக்கும்போதே புறப்பட்டுவிட வேண்டும் போலிருக்கிறது. எனக்கு விடுமுறை மார்கழியில்தான் கிடைக்கும். எழுபது வயதைக் கடந்த அப்பாவும் உடன் வருவார். அவர்தான் எனக்குச் சிறுவயதில் இந்நாவலைப் படித்துக் காட்டியவர். எல்லா வழியையும் நடக்க எங்களால் இயலாது. ஆடிப்பெருக்கைத் தவறவிட்டால் நாவலின் உயிரே போய்விடுமா? ஒரே ஒரு நடையை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

வடவாற்றங்கரை எழுதியது:

முதலில் சாசனவாசகன் ஐயாவுக்கு நன்றி. உடையார்குடியைப் பற்றி அவர் எழுதியதை இழையின் தலைப்பிலேயே சேர்த்திருக்கலாம்.

அம்மா, மார்கழி என்றால் கவலை வேண்டாம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும்; மார்கழியில் ஆறுகளில் நீர் இருக்கும், சம்பாப் பயிர் கதிர் வாங்கி நிற்கும், வெயிலும் தணிந்திருக்கும். பங்குனி சித்திரையில் வந்தால்தான் எல்லா ஆறும் மணலாகக் கிடக்கும். அந்த ஆற்று மணலைப் பார்த்துவிட்டு நாவலில் வெள்ளத்தைப் பற்றிப் படித்தால் மனம் ஒட்டாது.

ஒரே நடை என்றால் திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் வரை என்பேன். ஏறக்குறைய 12 கிலோமீட்டர். இது அழகான சாலையா என்றால் இல்லை. பேருந்தும் லாரியும் ஓயாது போகும் சாலை. ஆனால் கல்கி கதையை எப்படிக் கட்டினார் என்பதை இந்த ஒரு சாலை காட்டிவிடும். திருவையாறு காவிரியின் வடகரையில் இருக்கிறது. புறப்பட்டவுடன் காவிரி, பிறகு குடமுருட்டி, பிறகு வெட்டாறு, பிறகு வெண்ணாறு, தஞ்சையின் வாசலில் வடவாறு. ஐந்தும் ஒரே காவிரி நீரைப் பங்கிட்டுக்கொண்டு கிழக்கே போகின்றன. இவற்றில் சில இயற்கைக் கிளைகள், சில மனிதர் கைபட்டுத் திருந்தியவை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சாலை மெல்ல ஏறுகிறது, பாலம் கடந்ததும் இறங்குகிறது. வண்டியில் இருப்பவருக்கு அந்த ஏற்றம் தெரியாது. நடப்பவரின் முழங்காலுக்குத் தெரியும். வண்டல் படிந்து படிந்து கரை உயர்ந்து, ஆறு தன் வயல்களைவிட மேடாக ஓடும் கழிமுக நிலத்தின் இயல்பு அது. கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் அங்கேயே நின்று கணக்கிட்டுக்கொள்ளலாம். நாவலில் வெள்ளம் வரும்போதெல்லாம் மனிதர்கள் ஏன் அவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பதும் விளங்கும்.

பாலம் இல்லாத காலத்தில் இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஐந்து துறைகளைக் கொண்ட வழி. ஒவ்வொரு துறையிலும் நிற்க வேண்டும், படகோட்டியோடு பேச வேண்டும், முன்பின் தெரியாதவரோடு ஒரே படகில் அமர வேண்டும். வந்தியத்தேவனைப் போல் இரகசிய ஓலை சுமந்து வரும் ஒருவனுக்கு இதைவிட ஆபத்தான வழி வேறு உண்டா? கொள்ளிடத்துத் துறையில் வைணவனான ஆழ்வார்க்கடியானும் சைவர் ஒருவரும் சண்டையிட்டுக்கொள்வதை நாம் சிரித்துக்கொண்டே படித்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சண்டை நடக்கக் காரணமே, ஆறு எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறது என்பதுதான். அரிசிலாற்றங்கரையில் பஞ்சு அடைத்த முதலையின் மேல் வேலெறிந்து வந்தியத்தேவன் குந்தவையின் கவனத்தைப் பெறுவதும் ஆற்றங்கரையில்தான். யாரையாவது சந்திக்க வைக்க வேண்டுமென்றால் கல்கி அவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துவருகிறார். இந்த ஐந்து ஆறுகளை நடந்து கடந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

பூம்பொழில் எழுதியது:

எல்லோரும் இவ்வளவு தெளிவாக எழுதுகிறீர்கள். ஆனால் உங்களைப் போல் படித்தவர்கள் துணைக்கு இல்லாமல் வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? பிற நாடுகளில் நாவலாசிரியர்களின் கதை நிகழும் தெருக்களில் நாவலின் வரிகளையே கல்லில் பொறித்து வைக்கிறார்கள். நாமும் ஏரிக்கரையிலும் அரிசிலாற்றங்கரையிலும் திருப்புறம்பயத்திலும் கல்கியின் பத்திகளைப் பலகையாக வைக்கலாமே? இங்கேதான் இன்னது நடந்தது என்று தெரிந்தால் குழந்தைகள் ஆர்வத்தோடு நடப்பார்கள். நான் ஆசிரியையாக இருப்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

சாசனவாசகன் எழுதியது:

அம்மாவின் நோக்கத்தை மதிக்கிறேன். பலகை வேண்டும் என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "இங்கேதான் நடந்தது" என்ற சொற்றொடர் எனக்கு அச்சமூட்டுகிறது. நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கி படைத்தவர்கள். வந்தியத்தேவன் வரலாற்றில் இருந்தவன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையார், வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்றே குறிக்கப்படுகிறார். சுந்தர சோழரின் அமைச்சர் அநிருத்தரும் அன்பில் செப்பேட்டால் அறியப்படுபவர். இரு வகையினரையும் ஒரே பலகையில் ஒரே எழுத்தில் எழுதிவிட்டால், அடுத்த தலைமுறைக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். இப்போதே சிலர் பெரிய கோயிலின் முன் நின்று, வந்தியத்தேவன் தஞ்சைக்குள் நுழைந்தபோது இந்தக் கோபுரத்தைக் கண்டான் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதைக் கேட்கிறேன். அந்தக் கோயில் நிறைவு பெற்றது 1010-இல். கதை நடப்பதோ அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்.

ஒரு பக்கம் நாவலின் பத்தி, மறு பக்கம் கல்வெட்டும் செப்பேடும் சொல்வது என்று இரண்டாகப் பிரித்து வைத்தால் நானே முன்னின்று எழுதித் தருவேன். திருப்புறம்பயத்தையே பாருங்கள். மண்ணியாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள அந்த ஊரில் 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த போர் சோழர்களின் எழுச்சிக்கு வழிவகுத்தது. கங்க மன்னன் பிருதிவீபதி அதில் மாண்டான். இது வரலாறு. முதுமையால் நடக்க இயலாத விசயாலயன் இரு வீரர்களின் தோளில் ஏறிப் போரிட்டான் என்பது கல்கி நமக்குச் சொல்லும் கதை. இரண்டையும் அறிந்த குழந்தை இன்னும் ஆர்வமாகத்தான் நடக்கும்.

பூம்பொழில் எழுதியது:

இரண்டு பக்கப் பலகை என்பதை மனமார ஏற்கிறேன், ஐயா. அதைப் பலகை வரும்வரை காத்திருக்காமல், மாணவர்களை அழைத்துச் செல்லும்போது கையேட்டில் இரு பத்தியாகவே அச்சிட்டுக் கொடுத்துவிடலாம்.

நெய்தல்கரை எழுதியது:

எல்லோரும் ஆற்றோடு நின்றுவிட்டீர்கள். கதை கடலுக்கும் போகிறது. நான் பிறந்து வளர்ந்த பக்கம் என்பதால் நாகையையும் கோடிக்கரையையும் பற்றிச் சொல்கிறேன்.

நாகையில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தின் ஒரு கல்லையும் காண முடியாது. கதையில், பின்னாளில் இராசராசனாக முடிசூடும் அருள்மொழிவர்மர் அங்கே மறைந்து தங்குகிறார். வரலாற்றில் அந்த விகாரம் ஸ்ரீவிசய மன்னர் மாறவிசயோத்துங்கவர்மர் தம் தந்தையின் பெயரால், இராசராசன் ஆட்சிக்காலத்தில் எழுப்பியது. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் கொடுத்ததை இன்று லெய்டன் செப்பேடுகள் என்று வழங்கும் சாசனம் கூறுகிறது. நாகையில் சீனக் கோபுரம் என்று மக்கள் அழைத்த பழைய பௌத்தக் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டு வரை நின்றது. பாழடைந்த அதனை 1867-இல் இடித்துவிட்டார்கள். வெளிப்பாளையம் பக்கம் நடந்தால் அது நின்ற பகுதியைத்தான் மிதித்து நடக்கிறோம். இப்பகுதியில் கிடைத்த நூற்றுக்கணக்கான புத்தர் செப்புத் திருமேனிகளில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு நாகைக்கு வருவது நல்லது; கண்ணில் அவை இருந்தால் வெறும் தெருவும் வெறுமையாகத் தோன்றாது.

விகாரத்துக்குள் கடல்நீர் புகும் அத்தியாயத்தை எங்கள் ஊரில் யாரும் கற்பனை என்று சொல்லமாட்டார்கள். 2004 டிசம்பர் 26-ஐக் கண்டவர்கள் நாங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த இரவையும் கண்டோம். கடல் பின்வாங்குவதையும், காற்றின் திசை மாறுவதையும் கல்கி எழுதியிருக்கும் முறை, கடற்கரை மக்களிடம் கேட்டறிந்து எழுதியது போலவே இருக்கிறது.

கோடிக்கரைக்கு வேதாரண்யத்திலிருந்து நடந்தே வரலாம். ஒரு பக்கம் உப்பளம், சேற்று நிலம். உள்ளே போகப் போகக் குட்டையான மரங்கள் அடர்ந்த காடு. சேந்தன் அமுதனும் பூங்குழலியும் வழிபட்ட குழகர் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. கடற்காற்று வீசும் இந்தக் கரையில் யார் துணையாக இருக்கிறீர் என்று சுந்தரர் இறைவனைப் பார்த்துக் கேட்டது இந்தத் தலத்தில்தான். அங்கிருந்து கடற்கரை நோக்கிப் போகும் பாதையில், அந்தக் கேள்வி எத்தனை பொருத்தமானது என்பதை நடக்கிறவர் உணர்வார். நாவலில் வரும் கலங்கரை விளக்கைத் தேடி வருபவர்கள் கேட்பதால் சொல்கிறேன்: சோழர் காலத்தது என்று கருதப்பட்ட செங்கல் கலங்கரை விளக்கத்தின் எச்சம் ஒன்று கடற்கரையில் இருந்தது, சுனாமியில் அதுவும் வீழ்ந்தது. இப்போது நிற்பவை பிற்காலத்தவை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கோடிக்கரைக் காடு 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். வெளிமான் கூட்டமும், குளிர்காலத்தில் வந்து தங்கும் பூநாரை முதலிய பறவைகளும் அங்கே உள்ளன. வனத்துறையின் அனுமதி பெற்று, அனுமதித்த பாதையில் மட்டுமே நடக்க வேண்டும். நாவலில் வரும் புதைசேற்றைத் தேடிச் சேற்று நிலத்துக்குள் இறங்கும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். உப்புச் சேறு மேலே காய்ந்த தரைபோலத் தோன்றும். கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். நாவலின் மேல் உள்ள அன்பை அப்படிக் காட்ட வேண்டியதில்லை.

கடல்கடந்தவள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அப்பாவிடம் இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். ஐந்து ஆறு நடையைக் கேட்டதும் அவரே பாதி தூரமாவது நடப்பேன் என்கிறார். உடையார்குடிக் கல்வெட்டைக் கட்டாயம் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் அவருடைய விருப்பம். இந்த இரண்டுக்கும் ஏற்பாடு எப்படி அமைய வேண்டும்?

அரிசில்மகள் எழுதியது:

குடந்தையில் தங்கிக்கொள்ளுங்கள், அம்மா; எல்லா இடத்துக்கும் அதுவே நடு. ஐந்து ஆறு நடைக்குத் திருவையாற்றில் விடிந்ததும் புறப்படுங்கள். அந்தச் சாலையில் நகரப் பேருந்துகள் அடிக்கடி வருவதால், அப்பா எந்தப் பாலத்தில் களைத்தாலும் அங்கேயே ஏறிக்கொள்ளலாம். குடமுருட்டியையும் வெட்டாற்றையும் கடக்கும்வரை நடந்தாலே வடவாற்றங்கரை ஐயா சொன்ன ஏற்ற இறக்கம் அவருக்கு நன்றாகத் தெரிந்துவிடும். பாலங்களில் நின்று பார்ப்பதைவிட, அருகில் படித்துறை இருந்தால் இறங்கி நீர்மட்டத்திலிருந்து கரையை நிமிர்ந்து பாருங்கள். ஆனால் மார்கழியில் படியில் பாசி இருக்கும், கவனம் தேவை.

உடையார்குடிக்கு மட்டும் நண்பகல் நேரத்தைத் தவிருங்கள். நண்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும் என்பது ஒரு காரணம். வெயில் நேராக விழும்போது கல்லெழுத்து சுவரோடு சுவராகத் தட்டையாகிவிடும் என்பது மற்றொன்று. மாலையில் நடை திறந்த பிறகு, சாய்வெயில் சுவரைத் தழுவி விழும் வேளையில் எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கும். அப்போதுதான் ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்துப் படிக்க முடியும். அப்பாவுக்குக் கைவிளக்கு ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்தும் எழும்பும். எண்ணெயோ சுண்ணமோ மாவோ தடவிப் படிக்க வேண்டாம் என்று உடன் வருபவர்களிடமும் சொல்லிவிடுங்கள். அது கல்லைக் கெடுக்கும். கல்வெட்டின் அச்சு வாசகத்தைச் சாசனவாசகன் ஐயா இங்கேயே பதிந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒப்பிட்டுப் படிக்க எளிதாக இருக்கும்.

சாசனவாசகன் எழுதியது:

வாசகத்தை வரி பிரித்து, கிரந்த எழுத்துகள் வரும் இடங்களைக் குறித்து, இந்த வார இறுதிக்குள் இங்கே பதிகிறேன். தாங்கள் இருவரும் புறப்படுவதற்கு முன் ரவிதாசன் என்ற பெயர் எந்த வரியில் வருகிறது என்பதை அப்பாவுக்குக் காட்டி வையுங்கள்.